அண்ணிக்காக எடுத்து வைத்த அரை லீற்றர்

தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் மாடு வைத்திருந்த நான்கு வீடுகளிலும் காலையில் குடித்தது பால் விடாத பிளேன்டீதான். கறந்த பால் அப்படியே தகரக் கானில் ஏறி, கெலிஓயாவுக்கு இறங்கும் றோட்டுச் சந்தியில் பால் சேகரிக்கும் இடத்துக்குப் போய்விடும். வாளியின் அடியில் ஒட்டிய நுரையைக்கூட அம்மா தண்ணீர் விட்டு அலசி, அதை மாட்டின் தவிட்டிலேயே ஊற்றிவிடுவார். யாராவது வீட்டுக்கு வந்தால், கடையில் வாங்கிய பால்மாவைக் கரைத்துத் தேத்தண்ணி போடுவோம். பின்பக்கம் மாடு கத்தும், முன்பக்கம் விருந்தாளி பால்மா குடிப்பார். இதில் வேடிக்கை ஏதும் இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. பல்லேகலவில் வேலைக்குச் சேரும்வரை எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மா இன்றைக்கும் பெருவிரலை மையில் தோய்க்கிறவர். அப்பாவும் இருந்தவரை அப்படித்தான். அண்ணன் இரண்டு வருடம் பள்ளிக்கூடத்துக்குப் போனதாகப் பெயர். அதில் பாதி நாள் ஆற்றில் இருந்தான். நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்துச் சித்தியடைந்து, இன்று பால் பதனிடும் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வெள்ளை மேலங்கியோடு நிற்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. கொழுந்துக் கூடை சுமந்த முதுகின் உதவியால் படித்தவள், படித்ததை ஒளித்து வைத்தால் அந்த முதுகுக்குத்தான் அவமரியாதை.

என் வேலை எளிமையானது. வந்து இறங்கும் பாலில் லக்டோமீற்றரை மிதக்கவிட்டு அடர்த்தி பார்ப்பேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் பாலையும் அமிலத்தையும் சேர்த்துச் சுழலவிட்டு, மேலே ஒதுங்கும் கொழுப்பின் அளவை வாசிப்பேன். நான் நிற்கும் மேசைக்கு எதிர்ச்சுவரில் ஓர் அட்டவணை தொங்குகிறது. நூறு கிராம் பசும்பாலில் என்னென்ன இருக்கிறது என்று மூன்று மொழியிலும் எழுதியது. சேர்ந்த முதல் வாரத்திலேயே அது எனக்குப் பாடம். அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் ஒப்புவித்தேன்.

"நூத்துக்கு எம்பத்தேழு பங்கு தண்ணி தெரியுமா?"

அண்ணன் மாட்டுக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தான். "அப்ப நான் தெனமும் சந்தி வரைக்கும் தண்ணியத்தான் செமக்கிறேனா? பீலித் தண்ணியவே புடிச்சிட்டுப் போயிருக்கலாம்."

"மிச்சம் பதிமூணுலதான் எல்லாமே இருக்கு. புரதம், கொழுப்பு, சீனி, சுண்ணாம்புச் சத்து, விற்றமின்."

"சரி, நான் அதுல கொஞ்சம் தண்ணி ஊத்துனா நீ கண்டுபுடிச்சிருவியா?"

"மாடு ஊத்துனதுக்கு மேல நீ ஊத்துனா கண்டுபுடிச்சிருவேன்."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார். அண்ணனும் சிரித்தான். ஆனால் மறுநாளும் பால் முழுவதும் சந்திக்குத்தான் போனது.

அண்ணிக்கு வயிற்றில் மூன்று மாதம் என்று தெரிந்தபோதுதான் நான் சண்டையைத் தொடங்கினேன். அண்ணியும் மலையில் கொழுந்து எடுப்பவர். மெலிந்த உடம்பு. நகமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. கெலிஓயாவில் நடக்கும் கர்ப்பிணிகள் கிளினிக்கிற்கு அண்ணன்தான் முதல் தடவை கூட்டிப் போனான். இரத்தம் ஒன்பதரை என்று கார்டில் எழுதியிருந்தார்கள். பதினொன்றுக்கு மேல் இருக்க வேண்டியது. ஒன்பதுக்குக் கீழே இறங்கினால் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துத்தான் மருந்து ஏற்ற வேண்டும், பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் போனாலும் தாய்க்குத் தாங்காது என்று மிட்வைஃப் மிஸ் சொன்னாராம். வேறு என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"நெறையச் சொன்னாங்க. சிங்களத்துல வேகமாச் சொன்னாங்க. நாங்க தலைய ஆட்டிட்டு வந்துட்டோம்" என்றான் அண்ணன். பொலித்தீன் உறையில் கார்டு, அதோடு மடித்த ஒரு தாள், கல்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை, சத்துமா பக்கெட். கார்டிலிருந்த இரத்த அளவை மட்டும் நான் பார்த்தேன். மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதானே.

"நாளையிலேருந்து அரை லீற்றர் பால் வீட்டுல நிக்கணும்" என்றேன்.

"யாருக்கு?"

"அண்ணிக்கு. காலையில ஒரு கிளாஸ், அந்திக்கு ஒரு கிளாஸ்."

"நீ சொல்லுவ. புண்ணாக்கு நீயா வாங்கித் தர்ற?"

"இந்த மாசத்துலேருந்து நானே வாங்கித் தர்றேன். மாடு திங்கிறத நான் பாத்துக்கிறேன், ஒம் பொண்டாட்டி குடிக்கிறத நீ பாரு."

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அண்ணியைப் பார்த்தார். அண்ணி தரையைப் பார்த்தார். வென்றது நான்தான்.

மறுநாளே செய்தி, லயத்துக்குத் தண்ணீர் வந்து விழும் பீலிக்கரைக்குப் போய்விட்டது. தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் அண்ணியைச் சும்மா விடவில்லை. "என்னாடி, பால் குடிக்கிறியாமே? புள்ள பொறக்கறப்போ டோர்ச்சு அடிச்ச மாதிரி வெள்ளையாப் பொறக்கப் போவுது" என்று ஒரு அக்கா கூச்சலிட்டார். "ஒங்க நாத்தனா வெள்ளக்கோட்டு போட்டுக்கிட்டு ஊட்டி விடுறாவாம்ல" என்றது இன்னொரு குரல். குடத்தோடு பின்னாலேயே நான் வந்துகொண்டிருந்தேன். "ஆமா அக்கா, வாங்க, ஒங்களுக்கும் ஊட்டி விடுறேன்" என்றேன். அதோடு அடங்கினார்கள்.

அண்ணிக்குப் பால் பிடிக்காது. கவிச்சி அடிக்குது என்று மூக்கைப் பொத்துவார். நான் இஞ்சி தட்டிப் போட்டுக் காய்ச்சினேன். ஏலக்காய் போட்டேன். ஒரு நாள் கொஞ்சம் சர்க்கரைகூட. பல்லேகலவிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து கெலிஓயாவுக்கு ஒரு பஸ், அதிலிருந்து ஏற்றம். வீடு சேர ஆறரை ஆகும். கால் கழுவியதும் முதல் வேலை பால் காய்ச்சுவது. ஒரு கையில் சூடான பால், மறு கையில் இரும்பு மாத்திரை. அண்ணி விழுங்கும்வரை முன்னாலேயே நிற்பேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் மாத்திரையைப் பச்சைத் தண்ணீரில் விழுங்குவதில்லை. குளிர்மலையில் பச்சைத் தண்ணீரில் மாத்திரை போட்டால் நெஞ்சில் சளி கட்டும் என்று அம்மா சொல்வார். லயம் முழுக்க அப்படித்தான் சொல்லும். காய்ச்சலுக்குப் போடும் மாத்திரை முதல் பூச்சி மாத்திரை வரை எல்லாம் சூடான தேத்தண்ணியோடுதான் உள்ளே போகும். அண்ணியும் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு போடத்தான் தொடங்கியிருந்தார். நான் அதை நிறுத்தினேன்.

"சாயத் தண்ணியில என்னா சத்து இருக்கு அண்ணி? பாலோட போடுங்க. சத்தோட சத்து சேரும்."

எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பது இப்போதும் காதில் கேட்கிறது. அம்மாகூட, "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அந்த வாக்கியத்தைக் கேட்பதற்காகவே நான் பதின்மூன்று வருடம் படித்தேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் ஒரு நாளும் தவறவில்லை. அண்ணியின் கன்னம் கொஞ்சம் உப்பியது போலக்கூட இருந்தது. அடுத்த கிளினிக்கிற்கும் அண்ணனே கூட்டிப் போனான். வந்ததும் கார்டை வாங்குப் பலகை மீது போட்டான்.

ஒன்பது புள்ளி இரண்டு. ஏறவில்லை, இறங்கியிருந்தது.

"ரெண்டு கிழமையில திரும்ப வரச் சொன்னாங்க. அப்பவும் ஏறலைன்னா துண்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்களாம்" என்றான். பிறகு அண்ணியைப் பார்த்து, "மாத்திரைய முழுங்குறியா, சாக்கடைக் காணுக்குள்ள வீசுறியா?" என்றான்.

அண்ணி கார்டை எடுத்துப் பொலித்தீன் உறைக்குள் வைத்தார்.

"பாலு கவிச்சின்னு சொன்னவதானே. வாய்க்குள்ள வச்சிருந்து வெளிய போயி துப்பியிருப்பா" என்றார் அம்மா.

நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. தினமும் என் கண் முன்னால்தான் விழுங்கினார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பக்கம் அந்த எண், மறுபக்கம் நான் கொடுத்த பால். பால் பிழை செய்யாது என்று நம்பினேன். அப்படியானால் மிச்சம் இருப்பது அண்ணிதான். எங்கள் வீட்டுக் காம்பிராவுக்குப் பின்னால் போய்க் காணைப் பார்த்தேன். வாழையடியில் மண்ணைக் காலால் கிளறினேன். மாத்திரை ஒன்றும் இல்லை. திரும்பி வந்து மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்."

அவர் அழவில்லை. "நீங்கதானே பாப்பா, மாத்திரையக் கையில வச்சிக்கிட்டு முன்னாலேயே நிக்கிறீங்க. நான் எங்க துப்புறது?" என்றார். அன்றிரவு எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

இரண்டு கிழமை கழித்து நான் அரைநாள் லீவு போட்டு அண்ணியோடு கிளினிக்கிற்குப் போனேன். மிஸ்ஸிடம் நேரே கேட்பது என்று முடிவு. சிங்களம் எனக்கு நன்றாக வரும். இரத்தம் எடுக்கக் கொடுத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்தோம். கூட்டம். புழுக்கம். விசிறிக்கொள்ள அண்ணியின் பொலித்தீன் உறையிலிருந்து அந்த மடித்த தாளை எடுத்தேன். இரண்டு விசிறு விசிறியபின் எழுத்துக் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் தமிழ். இரும்பு மாத்திரையை இரவு உணவுக்குப் பின் தண்ணீருடன் எடுக்கவும். பால், தேநீர், கோப்பி, கல்சியம் மாத்திரை ஆகியவற்றுடன் சேர்த்து எடுக்க வேண்டாம். அவை இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும்.

நான் விசிறுவதை நிறுத்தினேன். என் எதிர்ச்சுவர் அட்டவணை கண்முன் வந்தது. சுண்ணாம்புச் சத்து என்ற வரியில் பெரிய எண். இன்னும் கீழே, இரும்பு என்ற வரியில் "மிகச் சொற்பம்". ஒன்றரை வருடமாக நாளுக்குப் பத்துத் தடவை பார்த்த வரி. மனப்பாடமாக ஒப்புவித்தபோதெல்லாம் நான் இருப்பதை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். இல்லாததைச் சொன்னதே இல்லை. அதோடு போகட்டும் என்றால், பாலில் தாராளமாக இருக்கும் அந்தச் சுண்ணாம்புச் சத்தே மாத்திரையின் இரும்பைச் சேரவிடாமல் தடுத்திருக்கிறது. தேத்தண்ணியை நிறுத்திப் பாலைக் கொடுத்தது ஒரு தடையை எடுத்து இன்னொரு தடையை வைத்த கதை.

"அண்ணி, இந்தத் தாளைப் பாத்தீங்களா?"

அண்ணி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டி வாசிப்பார். "வாசிச்சேன் பாப்பா. அன்னிக்கே."

"பாலோட போடாதன்னு இதுல இருக்கே."

"இருக்கு."

"பொறகு ஏன் என்கிட்ட சொல்லல?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "நீங்க பால் படிச்சவங்க. இந்தத் தாளுல இருக்கிறது ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நான்தான் தப்பா வாசிச்சிருப்பேன்னு நெனச்சேன்."

என்னைப் போல ஒருத்தியை இதைவிடக் கனமாக யாரும் அடித்துவிட முடியாது. அவர் அடிப்பதற்காகச் சொல்லவும் இல்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். ஒன்பது புள்ளி ஒன்று. மிஸ் துண்டு எழுதப் பேனாவை எடுத்தார். நான் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே வேலை செய்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை. பாலோடு கொடுத்தது நான், இவர் ஒரு நாளும் தவறவில்லை, பிழை என்னுடையது. மிஸ் பேனாவை வைத்துவிட்டு என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். "சரி, மூணு கிழமை தாறேன்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "கட்டாயம் ஏறணும். ஏறல்லாட்டி ஆஸ்பத்திரி."

வீட்டுக்கு வந்ததும் அண்ணனையும் அம்மாவையும் உட்கார வைத்தேன். கிளினிக்கில் சொன்னதை அவர்கள் முன்னாலும் சொன்னேன். இது மிஸ்ஸிடம் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. "அண்ணி துப்பவும் இல்ல, வீசவும் இல்ல. அவங்கள நம்பாதது நம்ம பெரிய தப்பு. அதுல என் பங்குதான் கூட."

அண்ணன் அண்ணியிடம், "நீயாவது வாயத் தொறந்திருக்கலாம்ல" என்றான். அவனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த விதம் அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பினான். முகத்தில் ஒரு வெளிச்சம். "அப்ப பாலால பிரயோசனம் இல்ல. நாளையிலேருந்து அதையும் சந்திக்குப் போற கான்லயே ஊத்திறலாம்."

"ஊத்தக் கூடாது."

"நீதானே இப்பச் சொன்ன?"

"பால்ல இரும்பு இல்லைன்னு சொன்னேன். பிரயோசனம் இல்லைன்னு சொல்லல."

இங்கே எனக்கு மறுபடியும் குரல் வந்துவிட்டது. பிழை விட்டேன் என்பதற்காகப் பாலைக் காட்டிக்கொடுக்க நான் தயாரில்லை. வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு எலும்பு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். வெளியிலிருந்து வராவிட்டால் தாயின் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். நல்ல புரதம் வேண்டும். மாதத்தில் ஒரு தடவை கோழி தின்னும் எங்கள் வீட்டில் அதற்கு மிக அருகில் இருப்பது பின்னால் கட்டிய மாடு. சோற்றிலும் ரொட்டியிலும் தேடினாலும் கிடைக்காத பி பன்னிரண்டு பாலில் இருக்கிறது. ஆனால் ஒரு சாப்பாடு எல்லாச் சாப்பாடாகவும் ஆகாது. இரும்பு பாலில் இல்லை, விற்றமின் சி இல்லை என்றே சொல்லலாம், நார் இல்லவே இல்லை. பால் அதன் வேலையைச் செய்யட்டும், மாத்திரை அதன் வேலையைச் செய்யட்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே வாசலால் அனுப்பக் கூடாது. இதையெல்லாம் நான் வீட்டுப் பேச்சில் சொன்னேன். அண்ணன் பாதியில் கொட்டாவி விட்டான். ஆனாலும் அரை லீற்றர் நின்றது.

பால் காலையிலும் மத்தியானத்துக்குப் பிறகும் என்று மாறியது. இரவு சாப்பிட்டுக் கொஞ்சம் கழித்து மாத்திரை. சளி கட்டும் என்று அம்மா பயந்ததால் தண்ணீரைச் சுட வைத்து, அதில் தேசிக்காய் பிழிந்து கொடுத்தோம். புளிப்பு இரும்பைச் சேர உதவும் என்று அந்தத் தாளின் கடைசி வரியில் இருந்தது. இந்த முறை கடைசி வரிவரை வாசித்திருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கும் தேத்தண்ணியை அண்ணி நிறுத்தினார். அதுதான் அவருக்கு மிகவும் கஷ்டம். தோட்டத்து முருங்கைக்கீரை, பருப்பு, கிழமைக்கு ஒரு நாள் ஈரல். ஈரலை அண்ணன் கேட்காமலே வாங்கி வந்தான்.

நான் இப்போது மாத்திரையோடு முன்னால் நிற்பதில்லை. அண்ணியே எடுத்துப் போட்டுக்கொள்வார்.

மூன்று கிழமை கழித்துப் பத்து. துண்டு எழுதவில்லை. அடுத்த மாதம் பத்தே முக்கால். அதற்கடுத்த மாதம் பதினொன்றைத் தாண்டியது. கார்டை அண்ணி என்னிடம் நீட்டினார். வாங்காமல், "நீங்களே வாசிங்க" என்றேன். எண்ணை மட்டுமல்ல, கீழே மிஸ் எழுதியிருந்த தேதியையும் சேர்த்து உரக்க வாசித்தார். அம்மா அடுப்படியிலிருந்து, "எவ்வளவுன்னு இன்னொருக்காச் சொல்லு" என்றார். அண்ணி இன்னொருக்காச் சொன்னார்.

பெண் பிள்ளை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தாய்க்கு ஊசிகூட ஏற்ற வேண்டி வரவில்லை. வெள்ளையாகவும் பிறக்கவில்லை, எங்களைப் போலத் தேயிலைத் தூள் நிறம். பீலிக்கரை அக்கா பார்க்க வந்து, "அவ்வளவு பாலையும் குடிச்சது யாருடி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிள்ளைக்கு இப்போது பத்து மாதம். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கறந்த பாலோடு நேரே உள்ளே வந்தான்.

"இவளுக்கு ஒரு போத்தல்ல ஊத்திக் குடுப்போமா? நம்ம மாடு. கலப்படமே இல்ல."

எனக்கு விடை தெரியும். ஒரு வயது ஆகும்வரை பசும்பாலைக் குடிக்கக் கொடுக்கக் கூடாது, தாய்ப்பாலும் குழைத்த சாப்பாடும்தான். காரணங்களில் ஒன்று அதே இரும்பு. சரியான விடைதான், எனக்குச் சந்தேகமே இல்லை. வாயைத் திறந்தேன்.

"கொஞ்சம் இருங்க பாப்பா" என்றார் அண்ணி. பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்து பிள்ளையின் கார்டை எடுத்தார். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் போய், விரலை வரியின் மேல் நகர்த்தி நகர்த்தி வாசிக்கத் தொடங்கினார். நேரம் எடுத்தது. அண்ணன் பால் வாளியோடு காத்துக்கொண்டு நின்றான். நான் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"இன்னும் ரெண்டு மாசம் போவணும்" என்றார் கடைசியில்.

"அப்ப இத என்னா செய்ய?" என்றான் அண்ணன்.

"காய்ச்சுங்க. நாங்க ரெண்டு பேரும் குடிக்கிறோம்."